இயற்றியவர் பெயருக்குச் சான்று உண்டு

தம்பி, உங்க போன்ல நெட் வருதா? எனக்கு பஸ் எட்டயபுரம் தாண்டினதும் போச்சு. ஒரு சின்ன உதவி செய்யுங்க. நெட்ல ஒரு கலைக்களஞ்சியம் இருக்குல்லா, யார் வேணாலும் எழுதலாம், யார் வேணாலும் திருத்தலாம்னு. அதைத் திறந்து 'நாலாம் ஜாமம்'னு அடிங்க. கிறிஸ்தவ ராக் பாடல்னு வரும். ஆங், அதேதான். வலது பக்கம் ஒரு பெட்டி தெரியுதா? அதுல 'இயற்றியவர்'னு போட்டு எதிர்ல யார் பேர் இருக்கு?

ஆல்வின் தவமணி. ம். இன்னும் அதேதான் இருக்கா. சரி, மூடிருங்க.

ஆல்வின் தவமணி நான்தான். ஐயோ, கையெல்லாம் குடுக்காதீங்க. அந்தப் பேர் அங்க இருக்கப்பிடாதுன்னு என் கையாலயே மூணு தடவை அழிச்சேன். மூணு தடவையும் திருப்பிப் போட்டாச்சு. யாரு போட்டா? என் வீட்டுக்காரி. எப்சிபா. முப்பத்துமூணு வருஷமா என்கூட ஒரே வீட்ல இருக்கிறவ.

புருஷன் பேரைப் பொண்டாட்டி எழுதி வச்சா அதுக்குப் பேரு துரோகமான்னு நீங்க நினைக்கலாம். மதுரை வர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். கேளுங்க, கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

பாட்டைப் பத்தி முதல்ல சொல்லிருதேன். பைபிள்ல ஒரு கதை உண்டு. இயேசுவோட சீஷர்கள் படகுல போறாங்க, எதிர்க்காத்து, ராத்திரி பூரா துடுப்புப் போட்டும் கரை வரல. நாலாம் ஜாமத்துல, அதாவது விடியறதுக்குக் கொஞ்சம் முந்தி, இயேசு கடல் மேல நடந்து வாராரு. அதை வச்சு ஒரு பாட்டு. தொண்ணூறாம் வருஷம், தூத்துக்குடியில நாங்க நாலு பசங்க சேர்ந்து போட்டது. எங்க குழுவுக்குப் பேரு 'தர்ஷீஸ்'. யோனா ஆண்டவருக்குப் பயந்து ஓடிப்போனான்லா, அவன் தப்பிச்சுப் போகப் பாத்த ஊரு. எங்க சபை ஐயர், போதகரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம், அவரு கேட்டாரு, "ஏம்பா, ஓடிப்போனவன் ஊர் பேர்தான் உங்களுக்குக் கிடைச்சுதா?"ன்னு. நான் பாடுவேன். ஹட்சன் லீட் கிடார். ஆலயத்துக்குள்ள ட்ரம்ஸ் கொண்டுபோனதுக்கே ஒரு பெரியவர் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. ஆனா அந்தப் பாட்டைப் பாடினோம் பாருங்க, ரெண்டாம் சரணம் வரும்போது பின்னாடி பெஞ்சுல பொம்பளைங்க அழுதாங்க. ராக் பாட்டுக்கு யாரு அழுவா சொல்லுங்க?

ஐநூறு கேசட் அடிச்சோம். அப்புறம் யார் யாரோ காப்பி எடுத்து, வாலிபர் முகாம்ல எல்லாம் பாடி, இப்ப வரைக்கும் ஓடுது. துறைமுகத்துல நான் ஃபோர்மேன், அங்ககூட என்னை 'நாலாம் ஜாமம் ஆல்வின்'னுதான் கூப்பிடுவாங்க. நாலு ஆல்வின் இருந்தோம், அடையாளம் வேணும்லா.

ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கும்போதுதான் யோசிச்சேன். நாம போயிட்டா இதையெல்லாம் யாரு எழுதி வைப்பா? சினிமாப் பாட்டு ஒவ்வொண்ணுக்கும் கட்டுரை இருக்கு, நம்ம பாட்டுக்கு இல்லையே. நானே உட்கார்ந்து எழுதினேன். தன்னைப் பத்தித் தானே எழுதக் கூடாதுன்னு அங்க ஒரு விதி உண்டு. அதனால 'கடலோடி'ன்னு ஒரு பேர் வச்சுக்கிட்டேன். நல்ல காரியம் செய்ய சொந்தப் பேர் எதுக்கு?

எழுதி முடிச்சு, 'நல்ல கட்டுரை'ன்னு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிச்சேன். நல்ல கட்டுரைன்னா ஒரு நட்சத்திரம் போடுவாங்க. ஆனா சும்மா போட மாட்டாங்க. நமக்குத் தெரியாத ஒருத்தர் வந்து வரி வரியா வாசிச்சு, இதுக்கு என்ன சான்று, அதுக்கு என்ன சான்றுன்னு கேப்பாரு. மதிப்பாய்வுன்னு பேரு. எல்லாம் பேச்சுப் பக்கம்னு ஒண்ணுல, ஊர் பாக்க நடக்கும். மூணு வாரம் ஒருத்தரும் வரல. நாலாவது வாரம் ஒருத்தர் வந்தாரு. பேரு 'கொடுக்காப்புளி'.

நானும் சிரிச்சேன். ஆனா அவரு எழுதினது என்ன தெரியுமா? "வணக்கம் கடலோடி. கட்டுரையை முழுவதும் வாசித்தேன். உழைப்பு தெரிகிறது. சில ஐயங்கள் உண்டு, பொறுமையாகப் பேசலாம்." உழைப்பு தெரிகிறதுன்னு ஒருத்தன் சொல்லி என் ஆயுசுல கேட்டதில்ல தம்பி. முப்பத்தாறு வருஷம் கிரேனுக்கு அடியில நின்னவன் நான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அப்புறம் ஆரம்பிச்சாரு பாருங்க. 'வரலாறு படைத்த'ன்னு எழுதியிருந்தேன், எடுங்கன்னாரு. 'கல்நெஞ்சையும் கரைக்கும்'னு எழுதியிருந்தேன், யாருடைய நெஞ்சு, எந்தப் பத்திரிகையில வந்ததுன்னு கேட்டாரு. 'ஆயிரக்கணக்கானோர்'னு எழுதினா எண்ணினது யாருன்னு கேட்டாரு. முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு வாசிச்சா, கட்டுரை குளிச்சுத் தலை துவட்டின பிள்ளை மாதிரி பளிச்சுன்னு இருக்கு. அந்த ட்ரம்ஸ் கோபத்துல வெளிய போன பெரியவர், அவரு தொண்ணூத்தொண்ணுல ஒரு சபைப் பத்திரிகைக்கு 'ஆலயமா, ஆட்டக்களமா?'ன்னு எங்களைத் திட்டிக் கடிதம் எழுதியிருக்காரு. அதைக் கொடுக்காப்புளிதான் எங்கேயோ தேடி எடுத்துக் குடுத்தாரு. "அக்காலத்தில் இப்பாடலைப் பற்றி அச்சில் வந்த ஒரே விமர்சனம் இதுதான், வரவேற்பு என்ற பகுதியில் சேருங்கள்" அப்படின்னாரு. எவ்வளவு நியாயமான மனுசன்!

நான் அவரைக் கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல தாவரவியல் வாத்தியாருன்னு நினைச்சுக்கிட்டேன். பேரு அப்படி, அவரு மத்தபடி எழுதினதெல்லாம் செடி கொடி. காலையில எந்திரிச்சதும் பல்லுகூட விளக்காம, கொடுக்காப்புளி பதில் போட்டிருக்காரான்னுதான் பாப்பேன். மனசு விட்டு எழுதுவேன். "தங்கள் மேலான கருத்தை எதிர்நோக்குகிறேன்"னு முடிப்பேன். ஒருநாள் அவரு ரெண்டு நாள் வரல. உடம்பு சரியில்லையோன்னு எனக்குச் சாப்பாடு இறங்கல. "நலமா?"ன்னு கேட்டு எழுதினேன். "சற்றுக் காய்ச்சல். விசாரித்ததற்கு நன்றி நண்பரே"ன்னு பதில் வந்துச்சு. அந்த வாரம் எப்சிக்கும் காய்ச்சல்தான். வீட்ல கஞ்சி வைக்க ஆளில்லாம நான் ஹோட்டல்ல சாப்பிட்டேன்.

எப்சிகிட்டயும் அவரைப் பத்திச் சொல்லுவேன். ராத்திரி தோசை சாப்பிடும்போது, "இன்னிக்குக் கொடுக்காப்புளி ஒரு கேள்வி கேட்டாரு பாரு, அடேங்கப்பா! என்ன மூளை! உனக்கு இதெல்லாம் புரியாது, விடு"ம்பேன். அவ "அப்படியா"ம்பா. தோசையைத் திருப்பிப் போடுவா. எந்நேரமும் போனும் கையுமா இருப்பா. மிட்டாயை உடைக்கிற விளையாட்டு ஒண்ணு இருக்குல்லா, அதுதான் விளையாடுதான்னு நினைச்சேன். நான் அதுக்கு ஒண்ணும் சொல்லல. பொழுது போகட்டும்னு விட்டிருந்தேன். அந்த அளவுக்கு சுதந்திரம் குடுத்த வீடு எங்க வீடு.

பதினாலாவது கேள்விதான் தம்பி. பாட்டு உருவான விதம்னு ஒரு பகுதி. அதுல கவிஞர் ஆல்வின் தவமணி கடற்கரையில் தனியே அமர்ந்திருந்தபோது இவ்வரிகள் அவருக்கு அருளப்பட்டனன்னு எழுதியிருந்தேன். தொண்ணூத்திரெண்டுல ஒரு வாலிபர் பத்திரிகைக்கு நான் குடுத்த பேட்டி, அதையே சான்றாப் போட்டிருந்தேன். கொடுக்காப்புளி எழுதினாரு: "இரண்டாம் சரணத்தில் 'துடுப்பு வலித்து ஓய்ந்த கை' என்று பாடப்படுகிறது. இது முதலில் 'துணி துவைத்து ஓய்ந்த கை' என்று இருந்தது. ஏன் மாற்றப்பட்டது என்பதைக் கட்டுரையாளர் அறிவாரா?"

அந்த வரி அப்படி இருந்ததை இன்னிக்கும் நினைவு வச்சிருக்கிறது உலகத்துல மூணு பேருதான். நான், ஹட்சன், அப்புறம் அவ.

நிமிர்ந்து பாத்தேன். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். எதிர் நாற்காலியில எப்சி. மடியில முறம், முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கா. பக்கத்து ஸ்டூல்ல அவ போன். நான் பதில்னு போட்டு ஒரே ஒரு வார்த்தை, "வணக்கம்"னு அடிச்சு அனுப்பினேன். ஸ்டூல்ல போன் 'டிங்'குன்னுச்சு. அவ கீரையை விட்டுட்டு எட்டிப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா.

"நீயா?"ன்னேன்.

"ஆமா."

"எத்தனை நாளா?"

"எட்டு வருஷமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

எட்டு வருஷம்! நாலாயிரத்துச் சொச்சம் திருத்தம்! ஆவாரம்பூ, ஓடைமரம், உவர்மண்ணுன்னு என்னென்னமோ எழுதியிருக்கா. உவர்மண்ணைப் பத்தி மட்டும் நீளமா ஒரு கட்டுரை, நட்சத்திரம் வாங்கினது. சோப்பு வாங்க வழியில்லாதவங்க அந்த மண்ணைப் போட்டுத்தான் துணி துவைப்பாங்களாம். என் வீட்ல, என் வைஃபைல, எனக்குத் தெரியாம!

சரி, அந்தத் துணி விஷயத்தைச் சொல்லாம விட்டா நீங்க என்னைத் தப்பா நினைப்பீங்க. எப்சியோட அம்மா ஒரு பள்ளிக்கூடத்து போர்டிங்ல பிள்ளைங்க துணி துவைக்கிற வேலை. விடியறதுக்கு முந்தியே போயிருவாங்க. எப்சி அங்கேயே படிச்சு, டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சு, எங்க சபைப் பாடகர் குழுவுல பாடிக்கிட்டு இருந்தா. எங்க வீடு ஹெட்மாஸ்டர் வீடு. வித்தியாசம் பாக்கிற ஆள் இல்ல நான், தகவலுக்குச் சொல்லுதேன். ஒருநாள் பாட்டுப் பழகி முடிஞ்சதும் ஒரு நோட்டுத் தாளைக் கொண்டாந்து என்கிட்ட நீட்டினா. "நீங்க ராகம் போடுவீங்களா?"ன்னு கேட்டா. அவங்க அம்மா கையை நினைச்சு எழுதினதாம். நாலாம் ஜாமத்துல எந்திரிச்சுப் போற பொம்பளை, அவளைத் தேடி ஆண்டவர் தண்ணி மேல நடந்து வரக் கூடாதான்னு கேக்கிற மாதிரி. மூணு சரணம். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

ராகம் போட்டது யாரு? நான்தான. ராகமில்லாம அது வெறும் தாளு. அந்த ஒரு வரியை மட்டும் மாத்தினேன். கிடாரும் ட்ரம்ஸுமா நாலு ஆம்பிளைப் பசங்க நின்னுக்கிட்டு துணி துவைச்ச கையின்னு பாட முடியுமா? துடுப்புன்னு போட்டேன். கடல்ல துடுப்புதான பொருத்தம்? அப்புறம் கேசட் அட்டை சிவகாசியில அச்சடிக்கக் குடுத்தோம். "உன் பேரைப் போடுதேன்"னு சொல்லியிருந்தேன், இல்லன்னு சொல்லல. ஹட்சன்கூட, "லே, அந்தப் பிள்ளை பேரைப் போடுலே"ன்னான். ஆனா கல்யாணம் ஆகாத பொம்பளைப்பிள்ளை பேரை நாலு பசங்க பேரோட சேர்த்து அச்சுல போட்டா ஊர் என்ன பேசும்? அவ நல்லதுக்குத்தான் என் பேரைப் போட்டேன். அவகிட்டயும் காட்டினேன். அட்டையைக் கையில வாங்கிப் பாத்தா, மடிச்சுக் குடுத்துட்டா.

ரெண்டு வருஷத்துல அவளையே கல்யாணம் பண்ணிக்கிட்டேனே தம்பி! எங்க அம்மா அழுத அழுகைக்கு நடுவுல! இதைவிட ஒரு மனுசன் என்ன செய்வான்? எப்சிபா ஆல்வின்னு ஆயிட்டா. அப்ப ஆல்வின்னு போட்டா அதுல அவளும் இருக்காள்லா? எனக்கு அது அப்படித்தான் தோணிச்சு. எங்க அம்மா படுத்த படுக்கையா ஆனப்ப டீச்சர் வேலையை விடச் சொன்னேன், விட்டா. ஒரு முகச்சுளிப்பு இல்ல. வாலிபர்கள் வீட்டுக்கு வருவாங்க, "அங்கிள், இந்த வரியெல்லாம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"ன்னு கேப்பாங்க. நான் கடற்கரைக் கதையைச் சொல்லுவேன். அவ டீ கொண்டாந்து வச்சிட்டு நிப்பா. "கேட்டியா எப்சி, பிள்ளைங்க என்ன கேக்குதுங்கன்னு"ம்பேன். சிரிப்பா. சிரிச்ச மூஞ்சிதான் எனக்குத் தெரியும். இப்படி ஒரு மனசுன்னு எப்படித் தெரியும்?

அன்னிக்கு அந்த முறத்துக்கு முன்னால நான் கத்தினேன். "நாலு மாசமா என்னை வேவு பாத்திருக்க!"ன்னேன்.

"வேவா? நீங்க எழுதினதை ஒரு வரி விடாம வாசிச்சேன். நான் எழுதினதை நீங்க எப்பவாவது வாசிச்சிருக்கீங்களா?" அப்படின்னு கேக்கா. நிதானமா, கீரையை உருவிக்கிட்டே. "தங்கள் மேலான கருத்துன்னு எனக்கு எழுதினீங்க. நலமான்னு கேட்டீங்க. யாருன்னு தெரியாமத்தான் கேட்டீங்க, இருந்தாலும் நல்லா இருந்துச்சு. அதான் நாலு மாசம் இழுத்தேன். இல்லன்னா ரெண்டு வாரத்துல முடிச்சிருக்கலாம்."

எப்படிப் பேசுதா பாத்தீங்களா? நண்பர்னு நம்பி நான் அங்க மனசைத் திறந்து வச்சிருக்கேன். ஹட்சனைப் பத்தி, ஐயரைப் பத்தி, ஏன், "வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை"ன்னுகூட எழுதியிருக்கேன். அதையும் அவதான் வாசிச்சிருக்கா. எனக்கு அந்த மனுசன் செத்துப்போன மாதிரி இருந்துச்சு. கோயம்புத்தூர்ல ஒரு வீடு, வாசல்ல செடி, கண்ணாடி போட்ட ஒரு வாத்தியாருன்னு நான் நினைச்சு வச்சிருந்தேன் தம்பி. ஒண்ணுமே இல்ல. எல்லாம் எதிர் நாற்காலிதான்.

புகார் குடுக்கலாம்னு பாத்தேன். சொந்தக்காரங்க மதிப்பாய்வு செய்யக் கூடாதுன்னு விதி தெளிவா இருக்கு. நிர்வாகிகளுக்கு எழுத உட்கார்ந்தேன். 'கொடுக்காப்புளி என்பவர் ஆல்வின் தவமணியின் மனைவி'ன்னு எழுதினேன். அது உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்கல்லா? நான்தான் ஆல்வின்னு சொல்லணும். அப்ப தன்னைப் பத்தித் தானே எழுதினவன்னு என்னையும் சேர்த்துத் தள்ளிருவாங்க. எழுதினதை அழிச்சிட்டேன். மாட்டிக்கிட்டேன் பாருங்க, வாயைத் திறக்க முடியாம.

ரெண்டு நாள் யோசிச்சேன். நானும் மனுசன்தான. சரி, பெரிய மனசு பண்ணுவோம்னு, அந்தப் பெட்டியில என் பேரை அழிச்சிட்டு 'இயற்றியவர்: எப்சிபா'ன்னு என் கையால அடிச்சேன். அடிச்சிட்டு அடுக்களைப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தேன். வருவா, ஏதாவது சொல்லுவா, அழுவான்னு நினைச்சேன். பத்து நிமிஷம் ஆகல, திரும்ப ஆல்வின் தவமணின்னு இருக்கு. பக்கத்துல குறிப்பு: "சான்று இல்லை. முந்தைய நிலைக்கு மீட்கப்பட்டது."

திரும்ப அழிச்சேன். திரும்ப வந்துச்சு. "கேசட் அட்டையிலும் பேட்டியிலும் உள்ள பெயருக்கு மாறாக உள்ளது." மூணாவது தடவை அழிச்சதுக்கு, கடலோடிக்குன்னு அங்க இருக்கிற பக்கத்துல வந்து எச்சரிக்கை ஒட்டிட்டுப் போறா, மஞ்சள் கலர்ல. "தயவுசெய்து சான்றின்றி மாற்ற வேண்டாம்." ஸ்கூல் பிள்ளைக்கு டீச்சர் எழுதுத மாதிரி! கொடுக்கிறதை வாங்கிக்க மாட்டேன்னு ஊர் முன்னாடி மூஞ்சியில எறியுதது, இதுக்குத் துரோகம்னு சொல்லாம வேற என்ன சொல்ல?

போய்க் கேட்டேன். "உனக்கு என்னதான் வேணும்?"

"எனக்கா? கட்டுரைக்குத்தான் வேணும். சான்று."

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு நான் எங்க போவேன் சான்றுக்கு?"

"எங்கயும் போக வேண்டாம். மாசத்து முதல் ஞாயிறு ஆராதனையில சாட்சி நேரம் உண்டுல்லா? எந்திரிச்சு ரெண்டு நிமிஷம் சொல்லுங்க. சபை மடல்ல போடுவாங்க. அச்சுல வந்துட்டா அது சான்று. அன்னிக்கே மாத்திருதேன்."

ரெண்டு நிமிஷமாம். நீங்களே சொல்லுங்க, இது நடக்கிற காரியமா? நான் சபைக் கமிட்டியில இருக்கேன். பாடகர் குழுவுக்குத் தலைவர் நான். போன ஆகஸ்ட்லதான் பாட்டுக்கு முப்பத்தஞ்சு வருஷம்னு வாலிபர் சங்கத்துல எனக்குச் சால்வை போட்டாங்க. அந்தப் பிள்ளைங்க முன்னாடி, அதே மைக்ல, இந்தப் பாட்டை நான் எழுதலைன்னு எப்படிச் சொல்ல? வீட்டுக்குள்ள முடிய வேண்டியதை வீதிக்குக் கொண்டுவரணுமா? அவளுக்கு ஞாயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா என்னை அம்மணமா நிக்க வச்சுத்தான் அது நடக்கணுமா?

ஹட்சனுக்குப் போன் போட்டேன். இப்ப நாகர்கோவில்ல மியூசிக் கடை வச்சிருக்கான். "லே, எப்சிதான் எழுதினான்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுலே"ன்னேன். "கடுதாசியா? லே ஆல்வின், உனக்கு வாயி இல்லையாலே?"ன்னு கேட்டுட்டு வச்சிட்டான். அவனும் அவ பக்கம்தான்.

அன்னிலேர்ந்து அலையுதேன் தம்பி. எண்பத்தொம்பதுல அவ அந்தக் கவிதையை ஒரு மாதர் கூடுகையில வாசிச்சு ரெண்டாம் பரிசு வாங்கினா. அதை ஏதாவது மாதர் பத்திரிகையில போட்டிருந்தா போதும், நான் வாயைத் திறக்காமலே காரியம் முடிஞ்சிரும். பாளையங்கோட்டைக்கு ரெண்டு தடவை போனேன். நாகர்கோவில் போனேன். பழைய கட்டெல்லாம் கரையான் அரிச்சுக் கிடக்கு. மதுரையில ஒரு லைப்ரரியில பழைய இதழ் எல்லாம் பைண்டு பண்ணி வச்சிருக்காங்களாம். அதுக்குத்தான் இந்தப் பயணம். அறுபது வயசுல, முட்டு வலியோட, அவளுக்காக நான் இவ்வளவு அலையுதேன். அவ கண்ணுல அது படுதா? "மதுரைக்கா? வெயிலு, குடை எடுத்துக்கோங்க"ங்கா. அவ்வளவுதான்.

நேத்து என்ன செஞ்சா தெரியுமா? மதிப்பாய்வை முடிச்சிட்டா. "கட்டுரை எல்லாத் தகுதிகளையும் நிறைவு செய்கிறது. இயற்றியவர் பெயருக்கு அச்சுச் சான்று உள்ளது. தேறியது. கடலோடியின் உழைப்புக்கு நன்றி." நட்சத்திரமும் போட்டுட்டா. நண்பரேன்னு போடல. நாலு மாசமா நண்பரே நண்பரேன்னு எழுதினவ, கடைசியில போடல. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பாத்தேன். இனிமே அந்தப் பேச்சுப் பக்கத்துல எனக்கு யாரும் எழுத மாட்டாங்க. காலையில எந்திரிச்சு என்னத்தைப் பாக்க?

அடுக்களைக்குப் போனேன். "எப்சி, உன் பேரைத்தான் நான் எழுதினேனே. நானே விட்டுக் குடுத்தேனே"ன்னேன். சத்தமாக்கூடச் சொல்லல.

அவ அடுப்பை அணைச்சா. "எழுதினது யாரு? கடலோடின்னு ஒருத்தர். அவர் யாருன்னு ஊருக்குத் தெரியாது. ஆல்வின் தவமணி இன்னும் ஒண்ணும் சொல்லலயே"ன்னா. சொல்லிட்டுத் தட்டை எடுத்து வச்சு எனக்குச் சோறு போட்டா.

சண்டை போட்டா சமாளிச்சிரலாம் தம்பி. மன்னிச்சிருந்தா என் பேரை அழிச்சிருப்பா. இவ என் பேரை அப்படியே வச்சு, சான்று போட்டு, நட்சத்திரமும் குத்தி வச்சிருக்கா. சாகுற வரைக்கும் நான் அதைப் பாத்துக்கிட்டு இருக்கணும்.

என்ன கேக்கீங்க? ஏன் சபையில சொல்லிரக் கூடாதா? நீங்களுமா! இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்டீங்க? சொல்லத் தெரியாமலா இருக்கேன்? இப்ப உங்ககிட்ட முழுசும் சொல்லலையா? ஒரு வரி மறைச்சேனா? எப்சிதான் எழுதினா, மூணு சரணமும் எப்சிதான் எழுதினா. பாருங்க, வாய்ல வருதுல்லா? சொல்லிட்டேன்லா? மனசு லேசாத்தான் இருக்கு.

ஆமா, நான்பாட்டுக்குப் பேசிக்கிட்டே வாரேன், உங்க ஊரைக் கேக்கவே இல்லையே. மதுரைதான? வேலைதான் மதுரையா? ஓ. சொந்த ஊரு?

தூத்துக்குடியேவா? எங்க, திருச்செந்தூர் ரோட்டுப் பக்கமா? அங்க எங்க சபைக்காரங்கதான நிறைய... நீங்களும் கிறிஸ்தவங்கதானா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி, பைபிள் கதையெல்லாம் விளக்கிட்டு வாரேன்! உங்க அக்காவை அங்கதான் கட்டிக்குடுத்திருக்காங்களா? பேரு? எந்த பியூலா, பாடகர் குழுவுல ஆல்ட்டோ பாடுத பியூலாவா? நம்ம பியூலா?

தம்பி. இங்க பாருங்க. அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வைங்க. நான் சொன்னதெல்லாம் ஏதோ பயண அலுப்புல பேசினது. அக்காகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், என்ன? பாட்டு என் பாட்டுதான், அச்சுலயே இருக்கு, நீங்களே பாத்தீங்க. ஏன் அப்படிப் பாக்கீங்க? உங்களை நம்பித்தான தம்பி சொன்னேன். நீங்களும் என்னைக் காட்டிக்கொடுத்துராதீங்க.